வெப்பநிலைப் பதிவுக் கருவியின் பைட் வரிசை மாறியதால் ஏற்பட்ட நட்டம் தொடர்பான முறைப்பாடு

அனுப்புநர்:
உரிமையாளர்,
மீன் குளிர்களஞ்சியம்,
கொட்பே, திருகோணமலை.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை முகாமையாளர்,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

தங்கள் நிறுவனத்திடம் வாங்கிய வெப்பநிலைப் பதிவுக் கருவி, கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள எமது குளிர் அறையில் இரண்டு வருடங்களாக ஒரு குறையுமின்றி இயங்கி வந்தது. சென்ற மாதம் வருடாந்தப் பராமரிப்புக்கு வந்த தங்கள் தொழில்நுட்பவியலாளர், கருவிக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, எமது அலுவலகக் கணினியில் அறிக்கை அச்சிடும் மென்பொருளைப் பழைய பதிப்பிலேயே விட்டுச் சென்றார். அன்றிலிருந்து கருவியின் திரையில் ஒரு வெப்பநிலையும் அச்சிட்ட அறிக்கையில் வேறொரு வெப்பநிலையும் வருகின்றன.

இதனால் நேர்ந்ததை முதலில் சொல்கிறேன். கொழும்பிலுள்ள ஏற்றுமதியாளர் ஒருவருக்கு 400 கிலோ உறைந்த கணவாய் அனுப்பினோம். உறைந்த கடலுணவை -18 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும் என்பதால், அவர் வெப்பநிலை அறிக்கையைப் பார்க்காமல் சரக்கை ஏற்பதில்லை. அந்த அறிக்கையில் நள்ளிரவில் +7.61 பாகை என்றும், விடியற்காலையில் +110.01 பாகை என்றும் அச்சாகியிருந்தது. கொதிநீரிலும் கூடிய சூட்டில் கணவாய் உறைந்திருக்க முடியாது என்று நாம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், நம்ப முடியாத அறிக்கையோடு வந்த சரக்கைத் தாம் ஏற்க முடியாது என்று அவர் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது பிழையென்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கணவாயை இங்கேயே குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தது.

நாம் அழைத்ததன் பேரில் தங்கள் தொழில்நுட்பவியலாளர் மீண்டும் வந்தார். வெப்பநிலையை அளக்கும் உணரியைக் கழற்றி, அதன் இடத்தில், வேண்டிய வெப்பநிலையைக் குறித்து வைக்கக்கூடிய அளவுத்திருத்தக் கருவியைப் பொருத்தி, 0.00 பாகையிலும் -18.00 பாகையிலும் சோதித்தார். இரண்டு முறையும் கணினி சரியான எண்ணையே காட்டியது. “குறை எதுவும் இல்லை, குளிர் அறையின் கதவு நீண்ட நேரம் திறந்திருந்திருக்கலாம்” என்று அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டுச் சென்றுவிட்டார். இரவு பகலாக அந்தக் கதவைக் காக்கும் எமது தொழிலாளர்கள் மீது பழி போடும் இந்த வசனம்தான், பண நட்டத்தை விட, என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது.

கணினித் துறையில் படித்த என் மகள், கருவி எழுதிய பதிவுக் கோப்பைப் பைட் பைட்டாகத் திறந்து பார்த்தபோது காரணம் தெளிவாயிற்று. பைட் என்பது 0 முதல் 255 வரையான ஓர் எண்ணை வைக்கும் 8 பிட் அலகு. தங்கள் கையேட்டின்படி ஒவ்வொரு வெப்பநிலையும் நூறால் பெருக்கப்பட்டு, குறியுடைய 16 பிட் முழு எண்ணாக இரண்டு பைட்டுகளில் எழுதப்படுகிறது. -17.90 பாகை என்பது -1790. எதிர் எண்ணை 16 பிட்டில் எழுதும்போது அதனுடன் 65536 கூட்டப்படுவதால், அது 63746 ஆகும். 249-ஐ 256-ஆல் பெருக்கி 2-ஐக் கூட்டினால் வரும் எண் அது. ஆகவே, 256-ஆல் பெருக்கப்படும் பெரிய பைட் 249, அதனுடன் கூட்டப்படும் சிறிய பைட் 2. முந்திய மென்பொருள் சிறிய பைட்டை முதலில் எழுதியது. இதை லிட்டில் எண்டியன் என்பர். புதிய மென்பொருளோ பெரிய பைட்டை முதலில் எழுதுகிறது. இது பிக் எண்டியன். இந்த மாற்றத்தை அறியாத அறிக்கை மென்பொருள், 2-ஐப் பெரிய பைட்டாகவும் 249-ஐச் சிறிய பைட்டாகவும் எடுத்து, 761 என்று கணக்கிட்டு, +7.61 பாகை என அச்சிட்டது. +110.01 என்று வந்த இடத்தில் உண்மையான வெப்பநிலை -17.50. பதிவின் நீளம் மாறாததால் கோப்பைத் திறக்கும்போது எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. திகதியும் நேரமும் தனித்தனி ஒற்றைப் பைட்டுகளாக எழுதப்படுவதால், அவற்றுக்கு வரிசை என்ற பேச்சே இல்லாமல், அவை சரியாகவே அச்சாகின. வெளிப்பார்வைக்கு அறிக்கை ஒழுங்காகத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

இனி, தங்கள் சோதனை எதையும் கண்டுபிடிக்காமல் போனது ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். -18.00 பாகை என்பது -1800. 16 பிட்டில் அது 63736. அதன் பெரிய பைட் 248, சிறிய பைட்டும் 248. இரண்டும் ஒன்றாக இருக்கும்போது எதை முதலில் எழுதினாலும் படிக்கும் எண் மாறாது. 0.00 பாகைக்கு இரண்டு பைட்டுகளுமே பூச்சியம். அதாவது, தங்கள் தொழில்நுட்பவியலாளர் தெரிவு செய்த இரண்டு வெப்பநிலைகளும், இந்தக் குறை ஒருபோதும் வெளிப்படாத வெப்பநிலைகள். 16 பிட்டில் எழுதக்கூடிய 65536 எண்களில் இப்படி இரட்டைப் பைட் கொண்டவை 256 மட்டுமே. -18.00 பாகைக்கு மேலே அடுத்தது -15.43, கீழே அடுத்தது -20.57. அளவுத்திருத்தக் கருவியை நூறில் ஒரு பாகை திருப்பி -17.99-இல் வைத்திருந்தால் கணினி -15.44 என்று காட்டியிருக்கும், -18.01-இல் வைத்திருந்தால் -20.56 என்று காட்டியிருக்கும். ஒரு நொடியில் உண்மை தெரிந்திருக்கும்.

அவ்வளவும் வேண்டியதில்லை. அச்சிட்ட அதே வெப்பநிலை அறிக்கையின் கடைசி வரியில் கதவு திறக்கப்பட்ட எண்ணிக்கை 150994944 என்று இருக்கிறது. அன்று கதவு 9 முறை திறக்கப்பட்டது. நான்கு பைட்டுகளில் எழுதிய 9-ஐத் தலைகீழாகப் படித்தால் வருவது அந்த எண். ஒரு நாளில் 86400 விநாடிகளே உள்ளன. அந்த எண் உண்மையானால் கதவு விநாடிக்கு 1700 தடவைக்கு மேல் திறந்திருக்க வேண்டும், எந்தக் கதவும் அப்படித் திறக்காது. எமது கதவைக் குறை சொல்ல எழுதியவர் அந்த வரியை வாசித்திருக்க வேண்டும்.

எந்த வரிசை சிறந்தது என்பது என் முறைப்பாடு அன்று. இணைய நெறிமுறைகள் பெரிய பைட்டை முதலில் அனுப்புகின்றன. எமது கணினியிலுள்ள இன்டெல் செயலி சிறியதை முதலில் வைக்கிறது. இரண்டும் நன்றாகவே இயங்குகின்றன. எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதைச் சொல்லாமல் விடுவதே பிழை. டிஃப் (TIFF) என்ற வகைப் படக் கோப்பு, தான் எந்த வரிசையில் எழுதப்பட்டது என்பதைத் தன் முதல் இரண்டு பைட்டுகளிலேயே அறிவித்துவிடுகிறது. தங்கள் கையேட்டிலோ பைட் வரிசை பற்றி ஒரு சொல்லும் இல்லை. கோப்பின் தலைப்பில் உள்ள பதிப்பு எண்ணும் புதுப்பித்தலுக்குப் பின் மாறவில்லை.

ஆகவே, கதவு திறந்திருந்ததாகக் கூறும் சோதனை அறிக்கையை மீளப்பெற்று, குறை மென்பொருளில்தான் இருந்தது என்பதை எமக்கும் அந்த ஏற்றுமதியாளருக்கும் எழுத்தில் அறிவிக்குமாறு கேட்கிறேன். புதுப்பித்த நாளிலிருந்து பதிவான கோப்புகளைச் சரியான வரிசையில் வாசித்து அறிக்கைகளை மீண்டும் அச்சிட்டுத் தர வேண்டும். கணவாயின் விலை வித்தியாசத்தையும் ஈடு செய்ய வேண்டும். இதே புதுப்பித்தலைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கும் உடனே அறிவிக்க வேண்டும், -18.00 பாகையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அவர்களுள்ளும் இருக்கக்கூடும். வாடைக் காலம் தொடங்கிக் கடல் கொந்தளித்துவிட்டால் இக்கரையில் வரத்து குறைந்துவிடும். அதற்கு முன் சேமிக்கும் சரக்கை நம்பியே எமது வருடம் ஓடுகிறது என்பதால், 14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

அச்சிட்ட அறிக்கை, மூலக் கோப்பின் பிரதி, கொள்வனவுப் பற்றுச்சீட்டு, தங்கள் சோதனை அறிக்கை ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உரிமையாளர்