ரெண்டு கன்சல் அலங்காரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் பழைய ரோம் குடியரசோட ஆட்சி பத்தின கட்டுரையில "ரெண்டு கன்சல் இருந்தது வெறும் அலங்காரம், சட்டம் போட்டது செனட்தான்"னு ஒரு வரி. கன்சல்னா தேர்ந்தெடுத்து வர்ற தலைமை ஆட்சியாளர். புத்தகத்தை மூடி வச்சுட்டு மறுபடி திறந்து பார்த்தேன், அதே வரிதான் இருந்துச்சு.

உங்களுக்குத் தெரியாததில்ல, செனட்ங்கிற பெரிய மனுஷங்க சபை சொன்னது சட்டமில்ல, ஆலோசனை. அதை மீற பெரும்பாலும் யாருக்கும் தைரியம் வராது, அது வேற கதை. சட்டம்னா மக்கள் சபையில ஓட்டுக்கு வந்தாகணும். அந்த ஓட்டும் என்ன லட்சணம்னா, சொத்தை வச்சு ஜனங்களைப் பிரிச்ச செஞ்சுரி சபைங்கிற மக்கள் சபையில மொத்தம் 193 பிரிவு, பிரிவுக்கு ஒரு ஓட்டு, 97 கிடைச்சா போதும், ஆரம்பத்துல குதிரைவீரங்களுக்கு 18, முதல் வகுப்பு பணக்காரங்களுக்கு 80, நீங்களே கூட்டிப் பாருங்க, சொத்தில்லாதவங்க அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரிவு. இதையெல்லாம் எழுதியிருந்தா நாலு பேருக்குப் பிரயோஜனம்.

அலங்காரத்துக்கு வர்றேன். எங்க அபார்ட்மென்ட்ல செக்குல தலைவர், பொருளாளர் ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். தண்ணி மோட்டார் எரிஞ்சப்ப ஒருத்தர் போட்டாரு, இன்னொருத்தர் "ஒரே கொட்டேஷன்தான் இருக்கு"ன்னு போடமாட்டேன்னுட்டாரு. பதினோரு நாள் மூணாவது மாடிக்கு குடம் தூக்கினேன், 64 வயசுல. 'முடியாது'ங்கிறதுக்கு எவ்வளவு பவர்னு என் முட்டியைக் கேளுங்க. கன்சலும் அப்படித்தான், ஒருத்தர் செய்றதை இன்னொருத்தர் தடுக்கலாம், பதவியும் ஒரே வருஷம். கி.மு. 59ல சீசரோட நிலச் சட்டத்தை இன்னொரு கன்சல் பிபுலஸ் தடுக்கப் போனாரு, தலையில கூடையோட சாணியைக் கொட்டி விரட்டிட்டாங்க, மிச்ச வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்தாரு, ஜனங்க "ஜூலியஸும் சீசரும் கன்சலா இருந்த வருஷம்"னு கிண்டல் பண்ணாங்க. வெறும் அலங்காரத்துக்கு எதுக்குங்க சாணி?

ட்ரிபியூன் பேரையே காணோம். சாமானிய ஜனம் தேர்ந்தெடுத்த பத்து பேரு, அவங்க மேல கை வச்சாலே தெய்வக் குத்தம், ஒருத்தர் குறுக்க நின்னா கன்சலோட உத்தரவே நின்னுடும். ஐ.நா. செய்தியில வாராவாரம் 'வீட்டோ'ன்னு போடுறீங்களே, அது அவங்க பேசின லத்தீன்தான்.

இது முதல் தடவையும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி சீசரை 'முதல் பேரரசர்'னு போட்டீங்க. அவரு டிக்டேட்டர். முதல் பேரரசர்னு சொல்றது அகஸ்டஸை. அவரும் ராஜான்னு பேர் வச்சுக்காம, ட்ரிபியூன் அதிகாரம், கன்சல் அதிகாரம்னு ஒவ்வொண்ணா வாங்கி மடியில கட்டிக்கிட்டவரு. அதுக்கு கார்டு போட்டேன், வரல. இன்னொண்ணு போட்டேன், அந்த வாரம் "இதழ் அருமை"ன்னு யாரோ எழுதினது வந்துச்சு. சந்தோஷம். போன மாசம் குறுக்கெழுத்துல ஒரு கட்டம் குறைஞ்சதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல.

அடுத்த இதழ்ல ஏதாவது மூலையில "சட்டம் போட்டது மக்கள் சபை"ன்னு ஒரு வரி திருத்தம் போட்டா போதும். என் பேர்கூட வேண்டாம். டிசம்பர் வரைக்கும் சந்தா கட்டியாச்சு, படிச்சுத்தானே ஆகணும்.

இப்படிக்கு,
மூணாவது மாடி வாசகர்