சிங்காரத்தின் சுகர்: கோத்தகிரித் தோழிக்கு

குன்னூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதமும் லேப் ரிப்போர்ட் ஜெராக்ஸும் கிடைத்தன. இங்கே மழை விட்டபாடில்லை. மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் தவிர எதுவும் கை வைக்கிற விலையில் இல்லை. மற்ற ஊர்க்கதையெல்லாம் அடுத்த கடிதத்தில். முதலில் உன் பூனை சிங்காரம்.

ரத்தத்தில் சுகர் 412, சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, கீட்டோன் இல்லை, எடை 5.2 கிலோ. கீட்டோன் என்பது இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது ரத்தத்தில் சேரும் அமிலம்; அது இல்லை என்பதுதான் இதில் நல்ல சேதி. பயந்த பூனைக்கு டாக்டர் மேஜையில் வைத்துப் பார்த்தாலே சுகர் 300, சில சமயம் அதற்கு மேலும் ஏறிவிடும், அதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஓயாமல் தண்ணீர் குடிப்பது, வயிறாரத் தின்றும் இளைப்பது, பின்னங்கால் குதிகால் தரையில் பதிய நடப்பது எல்லாம் நீயே எழுதியிருக்கிறாய், அதனால் இது சர்க்கரை நோய்தான். அந்த நடை நரம்பு பாதிப்பால் வருவது. சுகர் அடங்கினால் பெரும்பாலும் சரியாகும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஒன்று கேட்டுக்கொள்: தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ சமீபத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்களா? அதுவே சில பூனைக்கு சுகரைக் கிளப்பிவிடும்.

தனியாக இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறாய். முடியும்டி. நீ போட்டது தெரியாமல் இன்னொருவர் மறுபடி ஊசி போட மாட்டார், பாவம் பார்த்துப் பால் ஊற்றவும் ஆளில்லை. தனி ஆளுக்கு உள்ள ஆபத்து வேறு. சுகர் சரசரவென்று இறங்கும் நேரத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். நன்றாகச் சாப்பிடுகிற பூனைக்கு ஒரு நாள் சுகர் 400-ல் நின்றால் பெரிதாக எதுவும் ஆகாது. 40-க்கு இறங்கினால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து. அதனால் எந்தச் சந்தேகம் வந்தாலும் குறைவான மருந்துப் பக்கமே சாய். கீழே எழுதுவது எல்லாம் இதை வைத்துத்தான்.

டாக்டர் கிளார்ஜின் இன்சுலின் 1 யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருக்கிறார். சரியான தொடக்கம். ஆனால் மருந்துக்கடையில் கவனமாக இரு. நம் ஊரில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்தியில் விற்கிறது: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். 40-க்கு உரிய சிரிஞ்சுக்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. உனக்கு வேண்டிய கிளார்ஜின் 100 யூனிட் வகை. கடைப் பையன் பழக்கதோஷத்தில் சிவப்பு மூடியைக் கொடுத்துவிட்டால், நீ 1 யூனிட் கோடு வரை இழுப்பது உண்மையில் இரண்டரை யூனிட். மூடி நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சின் மேலேயே அச்சடித்திருக்கும் 'யு-100' என்பதையும் பார்த்து வாங்கு. 1 மில்லி சிரிஞ்சு வேண்டாம். 0.3 மில்லி, 31 கேஜ் (ஊசியின் பருமன், எண் கூடினால் ஊசி மெல்லியது), அரை யூனிட் கோடு போட்டது கேள். கோத்தகிரியில் இல்லையென்றால் கோயம்புத்தூரில் கிடைக்கும்.

அரை யூனிட் கோடு எதற்கென்றால், 1 யூனிட் என்பது 0.01 மில்லி. ஒரு சொட்டில் கால் பாகம்கூடக் கிடையாது. சிரிஞ்சின் கழுத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு காற்றுக்குமிழி இருந்தாலே பூனைக்குப் போக வேண்டிய மருந்தின் பெரும்பகுதி இடத்தை அந்தக் குமிழியே பிடித்துக்கொள்ளலாம். அதனால் 3 யூனிட் வரை இழு, ஊசி மேலே பார்க்கப் பிடித்து விரலால் சுண்டு, குமிழி மேலேறியதும் 1 யூனிட் கோட்டுக்குத் தள்ளு. மிஞ்சியது சிந்தட்டும், பாட்டிலுக்குள் திருப்பி விடாதே. சிரிஞ்சில் பூசியிருக்கும் சிலிக்கானும் கிருமியும் உள்ளே போகும். கிளார்ஜினைக் குலுக்கவும் கூடாது. தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் குப்பைக்கு. 10 மில்லி பாட்டிலை விட, இன்சுலின் பேனாவில் செருகுகிற 3 மில்லி கார்ட்ரிட்ஜ் உனக்குக் கட்டுப்படியாகும். அதில் 300 யூனிட் இருக்கிறது, சிந்துவதையும் சேர்த்தே உனக்கு மாதம் 180 யூனிட்தான் செலவு. பேனா இல்லாமல் அதன் ரப்பர் வழியே சிரிஞ்சாலேயே இழுக்கலாம். திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்று டாக்டரிடம் கேள். பெட்டியில் 28 நாள் என்றுதான் போட்டிருக்கும்.

கரண்ட் போனால் மருந்து கெட்டுவிடுமா என்று பயந்திருக்கிறாய். சமவெளியில் இருப்பவர்கள் பயப்படட்டும். திறந்த இன்சுலின் 30 டிகிரி வரை தாங்கும், கோத்தகிரியில் உன் வீட்டு அலமாரி அந்தச் சூட்டைப் பார்க்கப்போவதே இல்லை. மலையில் எதிரி உறைபனிதான். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தாலும், ஃப்ரீசருக்கு நேர் கீழே வைத்தாலும், மார்கழி தை ராத்திரியில் ஜன்னல் மேடையில் மறந்தாலும் உறையலாம். ஒருமுறை உறைந்தது இளகினாலும் வேலை செய்யாது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். கதவுத் தட்டில், ஒரு டப்பாவுக்குள் வை.

இனி தினசரி வரிசை. காலை ஆறரை, மாலை ஆறரை என்று வைத்துக்கொள். முதலில் சுகர் பார், பிறகு சாப்பாடு வை, அது தின்னத் தொடங்கியதும் ஊசி. மாற்றாதே. ஊசி போட்டபிறகு தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வாய்?

காதில் ரத்தம் எடுப்பதுதான் தொடக்கத்தில் கை நடுங்கும் வேலை. தரையில் உட்கார்ந்து, சிங்காரத்தின் பின்புறம் உன் வயிற்றுப் பக்கமாக, முழங்கால்களுக்கு நடுவே உட்காரவை. மேலே இருந்து கவிழ்ந்து பிடித்தால் பூனை திமிறும். ஸ்ட்ரிப்பை சுகர் மீட்டரில் முன்கூட்டியே செருகிவிடு. காதின் வெளி ஓரத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடும். அதைக் குத்தாதே, அதற்கும் ஓரத்துக்கும் இடையில் குத்து. அங்கே இலேசாக வாசலின் தடவினால் ரத்தம் ரோமத்தில் பரவாமல் முத்தாக நிற்கும். காதுக்குப் பின்னால் மடித்த பஞ்சு வை, உன் விரலுக்குப் பாதுகாப்பு. லான்செட், அதாவது குத்துகிற சின்ன ஊசி, 26 அல்லது 28 கேஜ். மனிதருக்கு விற்கிற மெல்லிய 33 கேஜில் ரத்தமே வராது. கடுகளவு முத்து போதும். பிறகு அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் ஒரு நார். நாலைந்து நாளில் அந்தக் கோழிக்காகவே தானாக வந்து உட்காரும், பார்.

நம் குளிரில் காது சில்லென்றிருந்தால் எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் வராது. ஒரு சாக்ஸில் அரிசியைப் போட்டுக் கட்டி, தவாவிலோ மைக்ரோவேவிலோ சூடு பண்ணி, உன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அதன் காதில் ஒரு நிமிடம் ஒத்து. மீட்டருக்கும் இதே கதைதான். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே எரர் காட்டும். ஜனவரிக் காலையில் ஸ்வெட்டர் பையில் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டு எடு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனுக்குடன் மூடு, மூடுபனி ஈரம் அதற்கு ஆகாது.

மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே மீட்டரையே கடைசிவரை பயன்படுத்து, எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல், அந்த மீட்டரில் எந்த எண்ணுக்குக் கீழே ஊசி போடக்கூடாது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வழக்கமாக 150 முதல் 200-க்குள் ஒரு எண் சொல்வார்கள். அதற்குக் கீழே வந்தால் சாப்பாடு வைக்காமல் 20 நிமிடம் கழித்து மறுபடி பார். ஏறவில்லையென்றால் அந்த வேளை ஊசி கிடையாது.

ஊசி போட ரோமம் அடர்ந்த பிடரியைவிட விலாப் பக்கம் நல்லது. தோலைக் கூடாரமாகத் தூக்கி, அடிப்பக்கத்தில் ஊசியைப் படுக்கைவாட்டில் நுழை. செங்குத்தாகக் குத்தினால் மறுபக்கம் வந்து ரோமத்தில் போய்விடும். போட்டதும் அந்த இடத்தைத் தடவி முகர்ந்து பார். ஈரமாக, பிளாஸ்திரி வாசனை அடித்தால் மருந்து வெளியே போயிருக்கிறது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாததால் திரும்பப் போடாதே. "போட்டோமா, இல்லையா" என்று மறந்துபோனாலும் அப்படியே. நோட்டில் நேரம், சுகர், யூனிட், தின்றது என்று அந்த நிமிடமே எழுது. ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் பரவாயில்லை. அதற்கு மேல் தாமதமானால் அந்த வேளையை விட்டுவிடலாம், அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடுவது மட்டும் ஒருக்காலும் கூடாது.

போட்டதிலிருந்து ஏறக்குறைய நாலு முதல் எட்டு மணி நேரத்தில் சுகர் அடிமட்டத்துக்கு வரும். ஆறரைக்குப் போட்டால் பத்தரையிலிருந்து இரண்டரை, அப்போது நீ கரும்பலகை முன்னால். எனவே டோஸைக் கூட்டுவது என்றால் சனிக்கிழமை காலையில்தான் கூட்ட வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லிவை. அன்று இரண்டு மணிக்கு ஒருமுறை, 12 மணி நேரம் பார்த்து எழுது. அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவே நின்றால் அளவு சரி. கூட்டுவதும் அரை அரை யூனிட்டாக, ஒரு வாரமாவது இடைவெளி விட்டு. மாலை ஊசிக்கு, படுக்கப்போகுமுன் பத்தரைக்கு ஒருமுறை பார்த்துவிடு.

தாழ்சுகர் வந்தால் பூனை தள்ளாடும், வெறித்துப் பார்க்கும், பசியில் பறக்கும் அல்லது ஒளிந்துகொள்ளும், முற்றினால் வலிப்பு. மீட்டரில் 60-க்குக் கீழே, ஆனால் நிதானமாக இருக்கிறது என்றால் உடனே சாப்பாடு வை. தள்ளாடினால் ஒரு டீஸ்பூன் தேனை ஈறில் தேய். வலிப்பில் வாய்க்குள் விரலையும் விடாதே, எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும்; உதட்டுக்கு உள்பக்கம் தடவினால் போதும். கோத்தகிரியில் தேனுக்கா பஞ்சம்! ஆனால் குளிரில் அது கெட்டிப்பட்டுக் கிடக்கும், அவசரத்துக்குக் குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட் பக்கத்திலேயே வை. தேன் தரும் சுகர் கொஞ்ச நேரம்தான் நிற்கும். பின்னாலேயே சாப்பாடு, கால் மணிக்கொருமுறை சோதனை, தெளிந்தாலும் டாக்டருக்குப் போன். எதிர்வீட்டில் ஒரு சாவி கொடுத்துவை. அவர்களுக்கு ஊசியெல்லாம் கற்றுக்கொடுக்காதே. தேன் தேய்ப்பதும் டாக்டர் நம்பரும் தெரிந்தால் போதும். நீ ஒரு நாள் கோவை போய்த் திரும்பும்போது ஒரு வேளை ஊசி தவறினால் தவறட்டும். இரண்டு மூன்று நாள் என்றால் கிளினிக்கில் விட்டுவிட்டுப் போ.

சாப்பாடு. பால்சோறு, மீன்சோறு, உலர் பிஸ்கட் மூன்றையும் நிறுத்த வேண்டும். பாக்கெட்டில் மாவுச்சத்து எவ்வளவு என்று போட்டிருக்க மாட்டார்கள், நீயே கணக்குப் போடலாம். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாது உப்புகள்), ஈரம் ஐந்தின் சதவீதத்தையும் கூட்டி நூறில் கழி. ஈர உணவு ஒன்றில் 11, 5, 0.5, 2, 80 என்றால் மிச்சம் 1.5. புரதத்தையும் மாவையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கினால் 100 கிராமில் 86 கலோரி, அந்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 6 சதவீதம். உலர் பிஸ்கட்டில் 32, 10, 4, 8, 10 என்றால் மாவுச்சத்து 39 சதவீதம் வரும். 12-க்குக் கீழே இருக்க வேண்டும். சிங்காரத்துக்கு ஒரு நாளைக்கு சுமார் 200 கலோரி, அதாவது 85 கிராம் பாக்கெட் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கையிருப்பு தீர்ந்தால் ஓரிரு நாள் வேகவைத்த கோழி, அந்தச் சாற்றோடு. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. கோழி மட்டுமே மாதக்கணக்கில் என்றால் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் போதாது. மாற்றத்தை ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லச் செய், சுகர் பார்த்துக்கொண்டே செய். பிஸ்கட்டை நிறுத்தியதுமே இன்சுலின் தேவை சடாரென்று இறங்கும், பழைய டோஸ் அப்போது அதிகமாகிவிடும். சில பூனைக்கு இப்படியே சில மாதத்தில் ஊசியே வேண்டாம் என்றும் ஆகிறது.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, வாந்தி, சுருண்டு கிடக்கிறது என்றால் கீட்டோன் ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் நனைத்துப் பார். நிறம் மாறினால் அன்றே வண்டி பிடி, காலைவரை காத்திருக்காதே.

மாத்திரை கேட்டிருந்தாய். பூனைக்கென்றே அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் இரண்டு வாய்மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். இன்சுலின் தொடங்கிவிட்ட பூனைக்கு அவை இல்லை, சுகர் சாதாரணமாகக் காட்டும்போதே கீட்டோன் ஏறும் ஆபத்தும் உண்டு. உன் மாத்திரை டப்பாவில் இருக்கும் மெட்ஃபார்மினைத் தொடாதே.

ஐப்பசி கார்த்திகை வருகிறது. 2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்தது நினைவிருக்கும். ஒரு மாதத்துக்கான ஸ்ட்ரிப், சிரிஞ்சு, ஈர உணவு, திறக்காத ஒரு கார்ட்ரிட்ஜ் எப்போதும் கையில் இருக்கட்டும். பயன்படுத்திய ஊசிகளைத் தடித்த பினாயில் பாட்டிலில் போட்டு மூடி, நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கொடு. குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தக்கூடாது.

வர்ற புதன் கோயம்புத்தூர் போகிறேன். அரை யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு இரண்டு பெட்டி, 28 கேஜ் லான்செட் ஒரு பெட்டி வாங்கி, கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் செவ்வாய்க்குள் சொல். சனிக்கிழமை எடுக்கும் எண்களை எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
ராஜம்