முழு நைட் வாரத்தில் எப்போது உறங்குவது? நூற்பாலை நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், திண்டுக்கல் மாவட்ட நூற்பாலை நிர்வாகத்தினர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஆலைகளில் ஸ்பின்னிங்கிலும் கோன் வைண்டிங்கிலும் வேலை பார்ப்பவர்களுக்குச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எழுதித் தரும் பொதுமருத்துவன் நான். சீட்டில் 'காலை 1, இரவு 1' என்று எழுதிக் கொடுத்தால், முழு நைட் (நள்ளிரவு முதல் காலை வரையிலான ஷிப்ட்) வாரத்தில் இருப்பவர் அதையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ராத்திரின்னா எதுங்க டாக்டர்?" என்று கேட்கிறார். காலையில் வீடு திரும்பி, பத்து மணிக்குப் படுத்து, தகரக் கூரையின் சூட்டிலும் பக்கத்து வீட்டு மிக்ஸிச் சத்தத்திலும் ஒரு மணிக்கே விழித்துவிடுபவர் அவர். எந்தச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடுவது என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். அடுத்த வாரம் ஷிப்ட் மாறியதும் அந்தக் கணக்கு செல்லாமல் போகிறது.

உறக்கத்தின்போது ரத்த அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் வரை தாழ்வதுதான் இயல்பு. இந்த இறக்கம் வருடக்கணக்கில் கிடைக்காதவர்களுக்கு இதயமும் ரத்தக் குழாய்களும் கூடுதலாகப் பழுதாகின்றன. சர்க்கரையின் கதையும் இதுதான்: ஆரோக்கியமான 11 இளைஞர்களை 6 இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டபோது, உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்ததைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்டனர். இதய நலத்துக்கான அடிப்படைப் பட்டியலில் அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் உறக்கத்தையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோ, இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் 2007-இலேயே வைத்து, 2019-இல் அதை உறுதிசெய்தது. (ஆட்டிறைச்சியும் அதே வரிசையில்தான் இருக்கிறது என்பதால் யாரும் பதற வேண்டியதில்லை, ஆனால் பொருட்படுத்தாமல் விடவும் முடியாது.)

நேரத்துக்குப் படுங்கள், ஏழு மணி நேரமாவது உறங்குங்கள் என்று தொழிலாளியிடம் சொல்வது எனக்கு எளிது. அவர் படுக்கும் நேரத்தை முடிவு செய்வது உங்கள் அறிவிப்புப் பலகை என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது.

இயந்திரங்களை இரவில் நிறுத்தச் சொல்லவில்லை. ஷிப்ட் மாறும் திசையைக் கவனியுங்கள் என்கிறேன். மனித உடலின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. ஆகவே உறக்கத்தைத் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். பகல், அரை நைட் (மாலை முதல் நள்ளிரவு வரை), முழு நைட் என்ற வரிசையில் மாற்றினால் உடல் ஓரளவு ஈடுகொடுக்கும். முழு நைட்டிலிருந்து அரை நைட்டுக்கும் அங்கிருந்து பகலுக்கும் பின்னோக்கி வரும் வரிசையில்தான் ஆள் தளர்ந்துபோகிறார். திசையை மாற்ற உங்களுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.

ஆள் வரவில்லை என்று முழு நைட் முடித்தவரையே அடுத்த ஷிப்ட்டிலும் நிற்கவைக்கும் டபுள் டூட்டியை நிறுத்துங்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும் என்கிறது சட்டம். அந்தப் பணத்துக்காகத் தொழிலாளியே விரும்பிக் கேட்டாலும், பதினாறு மணி நேரம் கண்விழித்தவர் சுழலும் இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. ஷிப்ட் பட்டியலை இரண்டு வாரங்களுக்கு முன்பே ஒட்டுங்கள். விடுதிகளில் பகலில் உறங்குபவர்களையும் பகலில் விழித்திருப்பவர்களையும் ஒரே அறையில் போடாமல், முதல் பிரிவினரின் சன்னல்களுக்குக் கனமான இருண்ட திரை போட்டுக் கொடுங்கள். கேன்டீனில் விடியற்காலை நான்கு மணித் தேநீரை இரண்டு மணிக்கு நகர்த்துங்கள். தேநீரின் காஃபீனில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகிறது.

பெரிய ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர் இருப்பார். இப்போதைய ஷிப்ட் பட்டியலை அவர் ஒருமுறை என் கிளினிக்குக்குக் கொண்டுவந்தால், எந்த வாரத்தை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்க்க நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருத்துவர் ஒருவர்