மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா?

ஆம்புலன்ஸ் குழுவின் மூத்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். தன்னார்வலனாக உங்களோடு வண்டியில் ஏற ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்த தன்னார்வலரும் வந்து இதே மாதிரி மூலையில் நிற்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

இடுப்பு எலும்பு முறிந்த ஒரு பெரியவரை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியது நினைவிருக்கும். தலைமாட்டில் இருந்தவர் "ஒன்னு, ரெண்டு, மூனு" என்றார். "மூனு" என்ற சத்தத்தோடு நான் தூக்கினேன். நீங்களெல்லாம் மூன்று சொல்லி முடித்த பிறகு தூக்குகிறவர்கள். அந்த அரை நொடியில் அவர் உடம்பு என் பக்கம் மட்டும் எழும்பியது. அவர் அலறியது இன்னும் காதில் இருக்கிறது. "பாத்து தூக்கமாட்டியா?" என்று ஒருவர் அதட்டினார். பார்த்துத்தான் தூக்கினேன் அண்ணா. பயிற்சி வகுப்பில் மூன்றிலேயே தூக்கிப் பழகியவன் நான். இங்கே வேறு கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றுகூட உங்களுக்குத் தோன்றியிருக்காது. வருஷக்கணக்காகச் சேர்ந்து தூக்கிய கைகள் அவை. ஆனால் தூக்குவதற்கு முன் எண்ணிக்கை எப்படி என்று நானும் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம்.

நான் செய்த இன்னொரு தவறை ஓர் அக்கா வேறு விதமாகக் கையாண்டார். ஷிப்ட் தொடக்கத்தில் பொருட்களைச் சரிபார்க்கும்போது, ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளைப் பார்க்காமலேயே "சிலிண்டர் இருக்கு" என்று டிக் அடித்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டுக் கணக்குப் போட வைத்தார்: உள்ளே 400 லிட்டர் ஆக்சிஜன், நிமிடத்துக்கு 15 லிட்டர் திறந்தால் எவ்வளவு நேரம் வரும்? அரை மணி நேரம்கூட இல்லை. நிரம்பிய சிலிண்டருக்கே அந்தக் கதி. அன்றிலிருந்து நான் முள்ளைப் பார்க்காமல் வண்டி கிளம்பியதில்லை. திட்டு வாங்கியிருந்தால் திட்டுதான் நினைவிருந்திருக்கும்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. ஒரு ராத்திரி, மாரடைத்து நினைவிழந்தவருக்கு உங்களில் ஒருவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கம் கையுறையோடு முட்டிபோட்டுத் தயாராக இருந்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் பாடம்தான். 2 நிமிடம் தாண்டிவிட்டது. வேகம் குறையவில்லை, ஆழம் குறைந்தது. அமுக்குகிறவருக்குத் தன் கை தளர்வது சட்டென்று தெரியாது, பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது. புதுசாக வந்தவன் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்துவிட்டேன். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி "மாறு" என்ற பிறகுதான் கை வைத்தேன்.

கிண்டல் பண்ணுங்கள், பரவாயில்லை. பெயர் மறந்து "தம்பி, தம்பி" என்றே கூப்பிட்டாலும் பரவாயில்லை. ஒட்டிப் பழக நாளாகும், அதற்கு அவசரமில்லை. கேஸ் வந்து வண்டி கிளம்பியதும் போகிற வழியில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: "பையும் ஆக்சிஜனும் உன் பொறுப்பு" அல்லது "நீ சொந்தக்காரங்களைப் பாத்துக்கோ". இறங்கியபின் அந்தப் பதற்றத்தில் யார் முகத்தைப் பார்ப்பது என்றே எங்களுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் நிற்பவன் வழியை மறித்துத்தான் நிற்பான். நெஞ்சை அமுக்கும்போது நேரம் பார்த்து "ரெண்டு நிமிஷம்" என்று குரல் கொடுக்கும் வேலையைப் புதியவருக்கே கொடுத்துவிடுங்கள். அது அவருடைய வேலை என்று ஆகிவிட்டால் வாய் தானாகத் திறக்கும்.

சனிக்கிழமை ராத்திரி ஷிப்டுக்கு அரை மணி முன்னதாகவே வந்துவிடுகிறேன். வண்டியில் ஏறுவதற்கு முன், அன்றைக்கு மூன்றிலா, மூன்றுக்குப் பிறகா என்று நானே கேட்பேன். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். சிரித்துவிட்டுச் சொன்னாலும் சரி.

அன்புடன்,
உங்கள் வண்டியின் புதுத் தன்னார்வலன்