குமுளி கணினி மையத்து அக்காவுக்கு நன்றி

பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், போடவில்லை. வருமானவரி ரீஃபண்ட் என்று வந்த போலி மெயிலில் வங்கி விவரம் கொடுத்துவிட்டு ஓடிவந்த கம்பம், கூடலூர் ஏலக்காய்க்காரர்களுக்கு அவர் செய்தது சாமானிய உதவியல்ல.

முதலில் 1930, சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண். மற்றதெல்லாம் பிறகு. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும்; ஏடிஎம்மில் எடுப்பதற்குள் முடக்கினால்தான் மிஞ்சும். யுபிஐ என்றால் 12 இலக்க யுடிஆர் எண், அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண், கையில் வேண்டும். மலையாளத்தில் சொல்லவேண்டிய இடத்தில் அவரே பேசினார். வங்கிக்கும் உடனே எழுதவைத்தார்: ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நாமே ஓடிபி கொடுத்திருந்தால் புகார் சொல்லும்வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு.

பலர் கோட்டை விடுவது மெயிலில். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது. ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் கட்டளை), ஃபார்வர்டிங் (மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) இரண்டையும் திறந்து பார்க்கவேண்டும். வங்கி மெயில் நேரே குப்பைக்குப் போகும்படி திருடன் ஃபில்டர் போட்டிருக்கலாம். நமக்கு எதுவுமே தெரியவராது.

இணைய முகவரியை அவர் படிக்கச் சொல்லித்தந்த விதம் அருமை. தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டைத் தாண்டி, முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படிக்கவேண்டும். வருமானவரித் துறை என்றால் அங்கே ‘இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்’ நிற்கும். அதே சொல் அந்த இடத்தில் இல்லாமல் முன்னால் எங்கோ வந்தால் அதை நம்பக்கூடாது. வங்கிகளுக்கு இப்போது ‘டாட் பேங்க் டாட் இன்’. பூட்டுப் படத்தை நம்பாதீர்கள், அது போலித் தளத்துக்கும் கிடைக்கும்.

புகார் நகலுக்கு பிரிண்ட் காசு மட்டும் வாங்கினார்.