மறைத்து வைத்த எக்ஸ்ரே துண்டு

ரங்கூன்

அன்புள்ள பங்காளிக்கு,

நீ தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கு மாசியில் பதில் எழுதுகிறேன். நேரில் வரும்போது திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. கட்டைக்குரல் அண்ணனைப் பீலிக்கான் கோயிலில் பார்த்தேன். குடை விஷயத்தை அவர் இன்னும் விடவில்லை, உன்னைத்தான் விசாரித்தார்.

சரி, எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன செவ்வாய் எங்கள் சட்டை பேக்டரியில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் டார்ச்சோடு தையல் லைனுக்குள் போனேன். சட்டைப் பாக்கெட் தைக்கிற பெண் எதையோ சட்டென்று மடியில் ஒளித்தாள். வாங்கிப் பார்த்தால் பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய துண்டு! பட்டன் பட்டியோடு ஒட்டி வைத்தால் பாக்கெட் உட்கார வேண்டிய இடம் தானாக வந்துவிடுகிறது. சாக்பீஸால் குறி போட வேண்டாம், பிறகு அதைத் துடைக்கவும் வேண்டாம். மூன்று மாதமாக இப்படித்தான் தைக்கிறாளாம். பக்கத்தில் தைக்கும் இரண்டு பேருக்கும் வெட்டிக் கொடுத்திருக்கிறாள். சூப்பர்வைசர் எனக்குத்தான் தெரியாது.

"ஏம்மா மறைத்தாய்?" என்றேன். "காட்டினால் டார்கெட்டை ஏற்றிவிடுவீர்கள், சாயா" என்றாள். பர்மிய மொழியில் 'சார்' என்பதற்குத்தான் சாயா.

பங்காளி, அவள் சொன்னது உண்மை. போன வருடம் கஃப் தைக்கும் பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். நானே ஆபீசில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அடுத்த வாரமே டார்கெட் மணிக்கு 60 கஃப் என்றிருந்தது 75 ஆயிற்று. அவனுக்கு ஒரு கைதட்டல் கிடைத்தது. கூட இருந்தவர்கள் ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேலையை விட்டே போய்விட்டான். அது என் கையால் நடந்தது. இந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். பிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1911இலேயே எழுதியிருக்கிறார்: வேகமாகச் செய்தால் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியை, குறைப்பார்கள் என்று இரண்டு மூன்று முறை பட்டவன், எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்பதை முதலாளியிடம் காட்டவே மாட்டான். கிளீவ்லாந்தில் லிங்கன் எலக்ட்ரிக் என்ற வெல்டிங் கம்பெனி வேறு வழியில் போனது. தொழிலாளி அதிகம் சம்பாதிக்கிறான் என்பதற்காக ரேட்டில் கை வைப்பதில்லை. சில வருடம் அங்கே வேலை பார்த்தவர்களுக்கு 1958இலிருந்து வேலை உத்தரவாதமும் கொடுத்தது. தன் யோசனையால் பக்கத்து மெஷின்காரனுக்கு வேலை போகாது என்று தெரிந்தால்தானே ஒருவன் வாய் திறப்பான்?

எங்கள் ஆபீசோ யோசனை சொன்னால் தரும் பரிசுப் பணத்தைப் பற்றியே பேசுகிறது. டொயோட்டா 1951இலேயே தொழிலாளிகளிடம் யோசனை கேட்கும் திட்டம் ஆரம்பித்ததாம், அதைப் பார்த்து இங்கேயும் ஒரு யோசனைப் பெட்டி வைத்தார்கள். இரண்டு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. புதன்கிழமை நானே சாவி வாங்கித் திறந்தேன். முப்பது சீட்டுக்கு மேல் இருந்தன, ஒன்றுக்கும் பதில் போகவில்லை. இஸ்திரி மேசைப் பக்கம் மின்விசிறியைத் திருப்பச் சொல்லி ஒரு சீட்டு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நானே திருப்பினேன், ஐந்து நிமிட வேலை. அன்று சாயங்காலமே இரண்டு பேர் என்னிடம் வந்து வேறு யோசனை சொன்னார்கள், பரிசு பற்றி ஒரு வார்த்தை இல்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எக்ஸ்ரே துண்டைப் பற்றி ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. இந்த ஆர்டர் முடியும்வரை டார்கெட்டை ஏற்றுவதில்லை என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் சொல்வேன் என்று அவளிடம் சொன்னேன். மற்ற இரண்டு பேரையும் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள். காத்திருக்கிறேன். மேனேஜர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, நீ சொல்.

உன் அரிசி மில்லில் பழைய ஆள் ஒருவர் இருக்கிறாரே, உமிச் சூட்டைக் கையாலேயே கணிப்பவர், அவர் உன்னிடம் எதையாவது மறைக்கிறாரா? பக்குவமாகக் கேட்டு எழுது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் பங்காளி