ஆப்பிரிக்க நகரங்களின் மலேரியாவும் தண்ணீர்த் தொட்டிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆப்பிரிக்காவின் மலேரியா பற்றிய செய்திகள் பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையோடு முடிந்துவிடுகின்றன. 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 5,97,000 பேர் என்றும், அவர்களில் 95 விழுக்காட்டினர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்ததைப் படிப்பவர்கள், இது கிராமங்களின் நோய் என்றே எண்ணிக்கொள்வார்கள். நகரங்களில் நிலைமை மாறிவருவதை எடுத்துச் சொல்லவே இக்கடிதம்.

அந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. சகாராவுக்குத் தெற்கே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான கணக்கின்படி, நோய்க்கிருமி தாங்கிய கொசு ஒருவரை ஓராண்டில் நகர மையத்தில் சராசரியாக 7 முறையும், நகர விளிம்பில் 46 முறையும், கிராமத்தில் 168 முறையும் கடித்தது. அங்கே நோயைப் பரப்பும் முதன்மையான கொசுவான அனாபிலஸ் காம்பியே, வெயில் படும் தெளிந்த குட்டைகளில் முட்டையிடுவது; சாக்கடை மலிந்த நகரம் அதற்கு ஒத்துவரவில்லை. ஆயினும் நகரம் முழுவதும் ஒரே சீராகப் பாதுகாப்பாக இருந்ததில்லை. கானாவின் தலைநகரான அக்ராவில் பாசன நீரில் காய்கறி பயிரிடும் இடங்களை ஒட்டிய குடியிருப்புகளில் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. குறைவாகக் கடிபட்டு வளர்வதால் நகரவாசிகளிடம் எதிர்ப்பாற்றலும் குறைவு. எனவே நோய் பரவினால் குழந்தைகளோடு பெரியவர்களும் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள்.

இந்தச் சூழலில்தான் தெற்காசிய நகரங்களுக்குப் பழக்கமான அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு ஆப்பிரிக்காவில் கால் பதித்தது. அது ஜிபூட்டியில் கண்டறியப்பட்ட 2012இல் அந்நாட்டில் பதிவான நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கும் மேல். இவ்வளவு பெரிய உயர்வுக்குக் கொசு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரில், ஜனவரி முதல் மே வரையிலான மாதங்களில் 2019இல் 205 ஆக இருந்த நோயாளிகள் 2022இல் 2,425 ஆக உயர்ந்தபோது, அந்தப் பரவலில் ஸ்டீபன்சியின் பங்கை ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். மழையை நம்பாமல், வீட்டில் சேமித்து வைக்கும் தண்ணீரிலேயே பெருகும் கொசு இது. சூடான், சோமாலியா, நைஜீரியா, கென்யா, கானா ஆகிய நாடுகளிலும் இது கண்டறியப்பட்டுள்ளது. இது கண்டம் முழுவதும் பரவினால் மேலும் 12 கோடியே 60 லட்சம் நகரவாசிகள் ஆபத்துக்குள்ளாவார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கொசுவலையும் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதும் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தவை. அவற்றைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் முன்மாலையிலும் வீட்டுக்கு வெளியிலும் கடிக்கக்கூடிய, மாட்டுக்கொட்டகையிலும் தங்கக்கூடிய, பல பூச்சிக்கொல்லிகளுக்கு ஈடுகொடுக்கும் இக்கொசுவுக்கு அவை மட்டும் போதா. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 2004இல் தொடங்கிய திட்டம், அந்தந்தப் பகுதி மக்களையே பணியமர்த்தி நீர்நிலைகளில் கொசுப்புழுக்களை அழித்து, நகரில் புழு ஒழிப்பு நடைமுறைக்கு உகந்தது என்று காட்டியது. நன்கொடை நாடுகள் இத்தகைய பணிக்கும், அதைவிட முக்கியமாகத் தடையற்ற குழாய்நீருக்கும் உரிய பங்கை ஒதுக்க வேண்டும். தண்ணீர் தினமும் வராத ஊரில் பீப்பாயையும் தொட்டியையும் நிரப்பி வைக்காதே என்று மக்களிடம் சொல்வது நியாயமாகாது.

இதில் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. கிணறுகளையும் மேல்நிலைத் தொட்டிகளையும் கொசு புகாதபடி மூடுவது சென்னை போன்ற நகரங்கள் இதே கொசுவோடு பல பத்தாண்டுகள் போராடிக் கற்ற பாடம். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையிலும், அடுத்த சில மாதங்களில் மன்னார்க் கிணறுகளில் இக்கொசு கண்டறியப்பட்டது. அங்கு இடைவிடாத கண்காணிப்பு தொடர்வதால் நோய் மீண்டும் வேரூன்றவில்லை. இந்த அனுபவங்களை ஆப்பிரிக்க நகராட்சிகளோடு பகிர நம் பொதுச் சுகாதார நிறுவனங்கள் முன்வர வேண்டும். தங்கள் நாளிதழும் அந்நகரங்களின் நோய்க்கணக்கை வெளியிடும்போது, அங்கே குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் வருகிறது என்பதையும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற பொதுச் சுகாதாரப் பணியாளர்,
சென்னை.